ஏழில் ஒருவரா, பத்தில் ஒருவரா? மனநோய்க் கணக்குகளை எப்படிப் படிப்பது

வைகைக்கரை:
வணக்கம். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கொடுக்க நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. முதல் பக்கத்திலேயே இடறல். இந்தியாவில் மனநலக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு பேர் என்ற ஒரு வரிக்கு ஆளுக்கொரு விடை. தேசிய மனநலக் கணக்கெடுப்பு 10.6% என்கிறது. லான்செட் சைக்யாட்ரி இதழில் வந்த கட்டுரை ஏழில் ஒருவர் என்கிறது, அதாவது 14.3%. உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக் கணக்கில் எட்டில் ஒருவர் என்றது, அது உலகம் முழுமைக்கும். இது போதாதென்று, மாணவர்களில் 40% பேருக்கு மனச்சோர்வு என்று வாட்ஸ்அப்பில் ஒரு கல்லூரி ஆய்வு சுற்றிக்கொண்டிருக்கிறது. எதை அச்சில் போடுவது? தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

எண்கவனம்:
முதல் மூன்றும் சரிதான். ஆனால் ஒவ்வொன்றும் எண்ணியது வேறு ஆட்களை, வேறு நோய்களை.

10.6% என்பது 2015-16இல் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய கணக்கெடுப்பு. 12 மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் உண்டு. 18 வயதைக் கடந்த ஏறக்குறைய 34,800 பேரை வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். கையில் இருந்த கருவி 'மினி' என்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணல். ஒவ்வொரு கோளாறுக்கும் முதலில் ஒன்றிரண்டு வாசல் கேள்விகள். அதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் அந்தக் கோளாறை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். பேட்டி எடுத்த சமயத்தில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தவர்கள் 10.6%. வாழ்நாளில் எப்போதாவது இருந்தவர்கள் 13.7%. இதில் மதுச் சார்பு உண்டு, புகையிலைப் பழக்கம் இல்லை.

14.3% வந்த வழி வேறு. அது, எந்த நோய் எவ்வளவு பேரைப் பாதிக்கிறது என்று நாடுவாரியாக மதிப்பிடும் உலக நோய்ச்சுமை ஆய்வின் 2017ஆம் ஆண்டுக் கணக்கு. யாரும் புதிதாக வீடு வீடாகப் போகவில்லை. ஏற்கெனவே நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, கணித மாதிரி போட்டு எடுத்த மதிப்பீடு. மொத்தம் 19.73 கோடிப் பேர். குழந்தைகள் உட்பட எல்லா வயதும் அடக்கம். காரணம் புலப்படாத அறிவுத்திறன் குறைபாடு மட்டுமே அதில் 4.5%. ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல்பாடு, குழந்தைகளின் நடத்தைக் கோளாறு எல்லாம் உண்டு. ஆனால் மதுவும் போதைப்பொருளும் அந்தக் கணக்கில் வேறு தலைப்பின் கீழ் போய்விடும்.

ஆக, ஒன்றில் மது உள்ளே, குழந்தைகள் வெளியே. மற்றதில் குழந்தைகள் உள்ளே, மது வெளியே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'மனநோய் கூடிவிட்டது' என்று தலைப்புப் போடும் பத்திரிகைகளை என்ன சொல்வது!

எட்டில் ஒருவர் என்பது 2019இல் உலகில் 97 கோடிப் பேர் என்ற கணக்கு. அதுவும் இதே நோய்ச்சுமைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

உங்கள் கையேடு பெரியவர்களைப் பற்றியது என்றால் 10.6% போடுங்கள். ஆண்டும், '18 வயதுக்கு மேல், கணக்கெடுத்த சமயத்தில்' என்ற சொற்களும் இல்லாமல் போடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் அதே கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரை தனியாகப் பார்த்தார்கள். அங்கே 7.3%. அந்த மாதிரி மிகச் சிறியது, 1,200 பேரைக்கூடத் தொடவில்லை. அதனால் 'ஏறத்தாழ' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல்:
தற்போது 10.6, வாழ்நாளில் 13.7 என்றால், வாழ்நாளில் ஒருமுறையாவது வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் இன்றைக்கும் நோயோடு இருக்கிறார்கள் என்றாகிறதே? மனச்சோர்வு வந்து போகக்கூடிய நோய் ஆயிற்றே. இடிக்கிறது.

எண்கவனம்:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். வாழ்நாள் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும். காரணம் மறதி. 20 வருடத்துக்கு முன் மூன்று மாதம் சாப்பிடாமல், தூங்காமல், வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்ததை 50 வயதில் கேட்டால் 'அப்போது உடம்பு சரியில்லாமல் இருந்தது' என்றுதான் பதில் வரும். பேட்டி எடுப்பவர் அதை மனச்சோர்வுக் கட்டத்தில் குறிக்கமாட்டார். ஒரே கூட்டத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்து எடுக்கும் ஆய்வுகளில் வாழ்நாள் விகிதம் கணிசமாகக் கூடுவது இதனால்தான்.

தயங்காமல் சொல்வதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரே நேர்காணலைப் பல நாடுகளில் நடத்தி 2004இல் வெளியிட்டது. கடந்த 12 மாதத்தில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தவர்கள் அமெரிக்காவில் 26.4%, நைஜீரியாவில் 4.7%. நைஜீரியர்கள் ஐந்து மடங்கு நிம்மதியாக வாழ்கிறார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. முன்பின் தெரியாத ஆள் வாசலில் வந்து நின்று கேட்கும்போது யார் என்ன ஒப்புக்கொள்வார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

புதுநெல்:
அப்போ அந்தக் கல்லூரி 40% பொய்யா?

அளவுகோல்:
பொய் இல்லை. அது நோயாளிகளின் எண்ணிக்கையும் இல்லை.

இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலும் பி.எச்.க்யூ-9 படிவத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை சற்றுக் கடுமையானது, 20உம் அதற்கு மேலும் கடுமையானது. வழக்கமாக 10ஐ எல்லையாக வைப்பார்கள். சில ஆய்வுகளில் 5ஐயே எல்லையாக வைத்துவிடுவார்கள். அங்கேயே பாதி 'நோயாளிகள்' உருவாகிவிடுவார்கள். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தூக்கமின்மை, அசதி, பசியின்மை, கவனமின்மை நான்குக்கும் ஆளுக்கு ஒன்றிரண்டு போட்டாலே 5 தாண்டிவிடுமே.

10ஐ எல்லையாக வைத்தாலும் என்ன ஆகிறது என்று பாருங்கள். முறையான மருத்துவ நேர்காணலோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், இந்தப் படிவம் உண்மையில் நோய் உள்ளவர்களில் 88% பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 85% பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது 1,000 மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 50 பேருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாக வைப்போம். படிவம் 44 பேரைப் பிடிக்கும், 6 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 950 பேரில் 15%, அதாவது 143 பேரை நோய் இல்லாமலே 'உண்டு' என்று காட்டும். ஆகமொத்தம் 187 பேர். அறிக்கையில் 18.7% என்று வரும். உண்மை 5%. பிடிபட்டவர்களில் நாலில் ஒருவருக்குக்கூட நோய் கிடையாது.

அதே படிவத்தை மனநலப் புறநோயாளர் பிரிவில் கொடுங்கள். அங்கே வருகிற 1,000 பேரில் 30% பேருக்கு இருக்கிறது என்று வைத்தால், படிவம் காட்டும் 369 பேரில் 264 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். படிவம் மாறவில்லை, கொடுத்த இடம் மாறியது.

இன்னொன்று, கூகுள் படிவத்தில் 'மனச்சோர்வு ஆய்வு, விருப்பமுள்ளவர்கள் நிரப்பவும்' என்று அனுப்பினால் யார் நிரப்புவார்கள்? ஏற்கெனவே மனசு சரியில்லாதவர்கள்தான் அதிகம்.

புதுநெல்:
அப்படியென்றால் அந்தப் படிவமே வேண்டாமா?

அளவுகோல்:
வேண்டும். சலித்தெடுக்க அதைவிட மலிவான கருவி இல்லை. சலித்த பிறகு என்ன செய்வது என்ற ஏற்பாடு இல்லாமல் கொடுப்பதுதான் தவறு. பள்ளியிலோ கல்லூரியிலோ கொடுக்க நினைப்பவர்களுக்கு:

ஒன்பதாவது கேள்வியை அன்றைக்கே, தனியாகப் பாருங்கள். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ உண்டா என்பதுதான் அது. மொத்தம் 6 வந்து அந்த ஒன்றுக்கு மட்டும் 1 போட்டிருந்தாலும், அந்தப் பிள்ளையை அன்றே ஒருவர் தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பது பல ஆய்வுகளில் தெளிவாகிவிட்ட விஷயம். 'வாழவே பிடிக்கலைன்னு தோணுதா? எப்படிச் செய்யலாம்னு யோசிச்சிருக்கியா? அதுக்கு ஏதாவது எடுத்து வெச்சிருக்கியா?' என்று இந்த வரிசையிலேயே நேராகக் கேட்கலாம். மூன்றாவதற்கு 'ஆமாம்' என்றால் தனியே விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், மாத்திரைகள் இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்ல வேண்டும்.

10ஓ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். கணிசமானவர்களுக்கு இறங்கியிருக்கும். இறங்காதவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள். பெயர் எழுதாத படிவம் கொடுத்து 'மூன்று பேருக்குத் தற்கொலை எண்ணம்' என்று கண்டுபிடித்துவிட்டு, அந்த மூன்று பேர் யாரென்று தெரியாமல் முழிப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம்.

மட்டுறுத்துநர்:
இழையை வாசிக்கும் யாருக்காவது இப்போதே உதவி தேவைப்பட்டால்: இந்தியாவில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. மாத்திரைச் சீட்டைப் படமெடுத்துப் போட்டு இங்கே ஆலோசனை கேட்க வேண்டாம், நீக்கப்படும்.

கீரிமலையான்:
யாழ்ப்பாணத்துக் கணக்கொன்றையும் சேர்த்துப் பாருங்கோ. 2009இல், போர் முடிஞ்ச கையோடை யாழ் மாவட்டத்தில எடுத்த ஆய்வு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில வந்தது. 1,400க்கு மேற்பட்ட ஆக்கள். நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் (பி.டி.எஸ்.டி.) 7%, பதகளிப்பு (பதற்றம்) 32.6%, மனச்சோர்வு 22.2%. முகாமில இருந்தவைக்கு இன்னும் கூட.

அதுவும் அறிகுறிப் பட்டியல் வைச்சு எடுத்ததுதான், நேர்காணல் இல்லை. அளவுகோல் சொல்லுற கணக்கின்படி பார்த்தால் அதில கொஞ்சப் பேர்தான் 'நோயாளி' எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம். ஆனால் எனக்கு அதில உடன்பாடில்லை. வீடு போய், பிள்ளை காணாமல் போய், கூடாரத்துக்குள்ள இருக்கிற தாய்க்கு நித்திரை வராட்டில் அந்த அறிகுறி பிழையில்லை. எண்ணிக்கை பிழையில்லை. அதுக்குக் குளிசைதான் மருந்து எண்டு நினைக்கிறதுதான் பிழை. அந்த நேரம் அங்க மனநல வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. அதனாலதான் கிராம மட்டத்தில உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவிச்சு, வீடு வீடாய்ப் போகவைச்சவை.

அளவுகோல்:
ஒப்புக்கொள்கிறேன் அண்ணை. நான் சொன்னது நோயாளி எண்ணிக்கைக்கு மட்டும். துன்பத்தின் அளவு தெரியவேண்டும் என்றால் அறிகுறிப் பட்டியல்தான் பொருத்தம். எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர், எவ்வளவு லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மருந்து) வாங்கவேண்டும் என்று திட்டம் போட நேர்காணல் எண் வேண்டும். ஒன்றை எடுத்து மற்றதற்குப் பயன்படுத்தும்போதுதான் குழப்பம்.

கீரிமலையான்:
அது சரி. ஆனால் திட்டம் போடுறவை எப்பவும் சின்ன எண்ணைத்தான் எடுப்பினம், அதையும் கவனியுங்கோ.

தெற்குவாசல்:
10.6 என்ற குடத்துக்குள் என்னென்ன இருக்கிறது? எது அதிகம்?

மருதம்:
பலரும் எதிர்பார்க்காத விடை: மது. அந்தக் கணக்கெடுப்பில் மதுப் பயன்பாட்டுக் கோளாறு 4.6%. ஆண்களில் 9%, பெண்களில் 0.5%. அடுத்தது பதற்றம், மன உளைச்சல் சார்ந்த கோளாறுகளின் தொகுதி, 3.5%. மனச்சோர்வு 2.7%. மனச்சிதைவும் (ஸ்கிசோஃப்ரினியா) பைபோலாரும் (மனச்சோர்வும் மிகை எழுச்சியும் மாறி மாறி வரும் நோய்) அடங்கிய கடுமையான நோய்கள் 0.8%. கூட்டினால் 10.6ஐத் தாண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று இருக்கும் என்பதால் அப்படி. மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே வருவது மிகச் சாதாரணம். பதற்றத்துக்குக் குடித்து, குடியால் மனச்சோர்வு வந்து, மூன்றுமாக உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

மேலே சொன்ன 2017 நோய்ச்சுமைக் கணக்கில் மாநிலங்களுக்குள் மனச்சோர்வு விகிதம் மிக அதிகம் தமிழ்நாட்டில்தான். ஒரு லட்சத்துக்கு 4,800 பேர் போல. இதை வைத்துக்கொண்டு 'தமிழன் சோகமானவன்' என்று கிளம்பாதீர்கள். அது மதிப்பீடு, கணக்கெடுப்பின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

எது நோய், எது சோகம் என்பதைக் கையேட்டில் எழுதும்போது கால அளவையும் எழுதுங்கள், மக்களுக்கு அதுதான் கைப்பிடி. மனச்சோர்வு: பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, குறைந்தது இரண்டு வாரம். மனம் வாடியிருப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமை இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, சோர்வு, கவனம், குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம் என்று சேர்த்து மொத்தம் ஐந்து. அதனால் வேலையோ படிப்போ வீட்டுப் பொறுப்போ தடுமாற வேண்டும். பித்தெழுச்சி, அதாவது மேனியா: ஒரு வாரம். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு அசதியே இல்லாமல் எழுவது, நிறுத்தாமல் பேசுவது, இருக்கிற பணத்தையெல்லாம் செலவழிப்பது. மனச்சிதைவு: உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின்படி (ஐ.சி.டி.) ஒரு மாதம், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேட்டின்படி (டி.எஸ்.எம்.) ஆறு மாதம். எல்லாவற்றையும் பற்றிய ஓயாத கவலை: அமெரிக்கக் கையேட்டின்படி ஆறு மாதம்.

மனச்சோர்வோடு வரும் ஒவ்வொருவரிடமும் 'இதுக்கு முன்னாடி எப்பவாவது தூக்கமே தேவைப்படாம, ரொம்ப உற்சாகமா, வழக்கத்துக்கு மீறி இருந்த காலம் உண்டா?' என்று கேட்கவேண்டும். இதைக் கேட்காமல் பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால், சில வாரத்தில் ஆள் பித்தெழுச்சிக்குத் தாவிவிடலாம். வீட்டார் 'குணமாகிட்டாரு, கலகலன்னு இருக்காரு' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

நம் ஊரில் மனச்சோர்வு அழுகையோடு வந்து நிற்பது குறைவு. தலைப்பாரம், உடம்பெல்லாம் வலி, கை கால் எரிச்சல், வாயு, நெஞ்சு படபடப்பு என்றுதான் வரும். ஸ்கேன், எக்கோ, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து 'ஒண்ணுமில்லை' என்ற சீட்டோடு அடுத்த டாக்டரிடம் போவார்கள். கணக்கெடுப்பின் வாசல் கேள்விகளிலும் இவர்கள் நழுவிவிடுவார்கள்.

வைகைக்கரை:
சிகிச்சை பெறாதவர்கள் 80%க்கு மேல் என்று எங்கேயோ படித்தேன். அது சரியா?

மருதம்:
கோளாறைப் பொறுத்து 70 முதல் 92% வரை என்கிறது அதே கணக்கெடுப்பு. மதுவுக்கு மோசம், ஏனென்றால் அதை யாரும் நோயாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் கடுமையான நோய்களுக்கே நாலில் மூன்று பேர் போலச் சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதுதான் உறுத்த வேண்டிய எண். லட்சம் பேருக்கு முக்கால் மனநல மருத்துவர் இருக்கும் நாடு இது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் இருப்பதால் அரசு மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அந்தக் குழு குறிப்பிட்ட நாளில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும். கையேட்டில் உங்கள் வட்டாரத்துக்கு அது எந்தக் கிழமை என்று கேட்டுப் போடுங்கள். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அது பயன்படும்.

மருந்துப்பெட்டி:
சிகிச்சைக்குப் போனவர்களிலும் பாதியில் விடுகிறவர்கள் ஏராளம். ஏன் விடுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்து எழுதலாம் என்று நினைக்கிறேன்.

மாத்திரைக்கு முன்னால் ரத்தம் பார்ப்பார்கள். தைராய்டு (டி.எஸ்.எச்.), ஹீமோகுளோபின், சர்க்கரை, தேவைப்பட்டால் பி12. தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை வந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். தைராய்டு கூடினால் பதற்றம் மாதிரி இருக்கும். இதைப் பார்க்காமல் ஆறு மாதம் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுப் பயனில்லை.

மனச்சோர்வு மாத்திரைகளில் எஸ்சிடலோபிராம் பெரும்பாலும் 5 மி.கி.யில் தொடங்கி ஒரு வாரத்தில் 10க்குப் போகும். செர்ட்ரலின் 25இல் தொடங்கி 50. முதல் வாரம் குமட்டல், வயிற்றுக் கலக்கம், லேசான பரபரப்பு. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். அதாவது, பக்கவிளைவு முதல் நாளே வரும், பலன் மூன்றாவது வாரம் வரும். பத்தாவது நாள் 'ஒத்துக்கலை' என்று நிறுத்துவது இந்த இடைவெளியில்தான். டாக்டர் முன்கூட்டியே இதைச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்தமாட்டார்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் முதல் சில வாரம் வீட்டில் ஒருவர் கூடவே கவனிக்கவேண்டும், தற்கொலை எண்ணம் கூடக்கூடிய காலம் அது.

இரண்டாவது விபத்து: குணமானதும் நிறுத்துவது. முதல் தடவை வந்தவருக்குக் குணமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரவேண்டும். இல்லாவிட்டால் திரும்பும். பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தவேண்டும். ஒரேயடியாக விட்டால் தலைசுற்றல், மண்டைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல். அதைப் பார்த்துவிட்டு 'அடிமையாக்கிட்டாங்க' என்பார்கள்.

உண்மையில் அடிமையாக்குவது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் ஆல்பிரசோலம், குளோனசெபாம் வகை. அரை மணியில் நிம்மதி கொடுக்கும், அதனால்தான் ஆபத்து. இரண்டு முதல் நான்கு வாரம், அதற்கு மேல் வேண்டாம் என்பது விதி. வருடக்கணக்கில் இரவு 0.5 மி.கி. போட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆல்பிரசோலம் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. கடைக்காரர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நடைமுறை வேறு, அது எல்லோருக்கும் தெரியும்.

வயதானவர்களுக்கு எஸ்சிடலோபிராம் வகை மாத்திரையில் சோடியம் இறங்கலாம். தொடங்கிய ஒரு மாதத்துக்குள் குழப்பமாகப் பேசினால், தள்ளாடினால், மனநோய் முற்றிவிட்டது என்று நினைக்காமல் சோடியம் பாருங்கள்.

லித்தியம் சாப்பிடுபவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டியது: ரத்த அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை. கடைசி வேளை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம்தான் கணக்கு. காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும். 1.5 தாண்டினால் நச்சு. கை ஆட்டம் அதிகமாவது, வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது அறிகுறிகள். எதனால் கூடும்? மூட்டுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுப்ரோபென். ரத்த அழுத்தத்துக்குத் தயசைடு வகை நீர்மாத்திரை. வயிற்றுப்போக்கு. கோடையில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. உப்பில்லாப் பத்தியமும் விரதமும். உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு, கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

குடியை நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. தினமும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து 'இன்னையோட நிறுத்து' என்பது உயிருக்கு ஆபத்து. கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணிக்குள் வலிப்பு, 48 முதல் 96 மணிக்குள் நடுக்கம், மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. மருத்துவமனையில்தான் நிறுத்தவேண்டும். அங்கேயும் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்களா என்று கேளுங்கள்.

தெற்குவாசல்:
கோயில், தர்காவுக்குக் கூட்டிப்போவதைக் கையேட்டில் எப்படி எழுதுவது? 'மூடநம்பிக்கை' என்று எழுதினால் அடுத்த வரியை யாரும் படிக்கமாட்டார்கள்.

மருதம்:
அப்படி எழுதாதீர்கள், அது முழு உண்மையும் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பற்றி 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. பெரும்பாலும் கடுமையான நோய் உள்ளவர்கள். மருந்தில்லை, தனிப்பட்ட சடங்கு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சராசரி ஆறு வாரம் தங்கல், சின்னச் சின்ன வேலை, அதட்டாத சூழல். அறிகுறி அளவு ஏறத்தாழ 20% குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்ன ஆய்வு, அதை வைத்து மருந்து வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடிக்காமல், கட்டாமல், ஒரு இடம் கொடுப்பதே கொஞ்சம் வேலை செய்கிறது.

மறுபக்கம் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, காப்பகத்தில் தீ, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அனுமதியில்லாக் காப்பகங்கள் மூடப்பட்டன. இன்றைக்கு ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் கோயிலிலும் மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கிறார்கள். எனவே எழுத வேண்டிய வரி: 'சாமி கும்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கட்டிவைப்பது 2017 மனநலச் சட்டப்படி குற்றம்.'

சட்டமன்றன்:
சின்னச் சேர்ப்பு. சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது, அதுவரை சரி. அதே சட்டத்தில் இன்னும் சில, கையேட்டுக்கு உதவும். நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. பிரிவு 115: வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், வழக்குத் தொடரக்கூடாது. இதைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிள்ளையைப் பறிகொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிவு 21(4): உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும். கோரிக்கையை மறுத்தால் மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், பிறகு காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). உள்நோயாளி அனுமதிக்கு மட்டும்தான் பெரும்பாலான பாலிசிகள் தரும், மாதாந்திர ஆலோசனைக் கட்டணம் வராது.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. முதல் பக்க வரைவு இது: 'இந்தியாவில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கும் மேல் (10.6%, 2015-16 தேசியக் கணக்கெடுப்பு) ஏதாவது ஒரு மனநலக் கோளாறு உள்ளது. 7.3% பதின்பருவத்தினருக்கும் உள்ளது. ஆக மொத்தம் 17.9% பேர்.' பக்கத்தில் மூளைப் படம்.

எண்கவனம்:
கடைசி வாக்கியத்தை அடியுங்கள். இரண்டும் வெவ்வேறு வயதுக் கூட்டத்தின் விகிதம், கூட்டக்கூடாது. வகுப்பில் ஆண்களில் 10% பேரும் பெண்களில் 7% பேரும் தோல்வி என்றால் மொத்தம் 17% தோல்வியா?

'கணக்கெடுத்த சமயத்தில்' விட்டுப்போயிருக்கிறது. சேருங்கள்.

அளவுகோல்:
ஆசிரியர்களுக்கு என்பதால் ஒன்று கூடுதலாக: அமெரிக்காவில் 2005இல் வந்த பெரிய ஆய்வுப்படி, வாழ்நாளில் வரும் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. 7.3க்குப் பக்கத்தில் இதைப் போட்டால் அவர்களுக்கு ஏன் கொடுக்கிறோம் என்பது புரியும்.

மருதம்:
மூளைப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 14416, 'கட்டணமில்லை, 24 மணி நேரமும்' என்று பெரிய எழுத்தில். அதற்குக் கீழே உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு மனநலக் குழு வரும் கிழமையும், எத்தனை மணிக்குள் சீட்டுப் போட வேண்டும் என்பதும்.